முடிவுரைத் தாள்

அம்மா இரண்டு தடித்த புத்தகங்களையும் சவப்பெட்டிக்குள் தயாளினியின் காலடியில் வைத்தாள்.

"அவளின்ரை சாமான், அவளோடையே போகட்டும்."

தயாளினி சிவரூபனின் தங்கை. டவுனில் ஆங்கிலம் படிப்பித்தவள். விடுமுறைக்கு உடுப்பிட்டி வீட்டுக்கு வந்தவள், நாலே நாள் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். அந்தப் புத்தகங்களை ஒப்பிட்டுத்தான் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். பழைய ஆங்கில நாவல்களில் பெண்ணுக்குப் பெண் எழுதும் கடிதங்களை ஒன்று வெறும் நட்பு என்றது. மற்றது காதல் என்றது. காலையில் மேசையை ஒதுக்கும்போது அவன் புரட்டிப் பார்த்திருந்தான். நட்பு என்ற பச்சை மட்டைப் புத்தகத்தில், பக்கத்தின் ஓரத்தில் அவளுடைய தோழி நிவேதனா பென்சிலால் கேட்டிருந்தாள்: "அப்ப நான் ஆர்?" அதன்கீழே தயாளினியின் நீல மை: "பொறு, முடிவுரையிலை சொல்லுறன்."

ஆறு வருடமாக டவுனில் தயாளினியோடு ஒரே வாடகை வீட்டில் இருந்த அந்த நிவேதனா, இப்போது பெண்களுக்கெல்லாம் பின்னால் நின்றாள். மெல்ல அவனிடம் வந்தாள்.

"அண்ணை, அந்தப் பச்சை மட்டைப் புத்தகம் மட்டும் எனக்கு எடுத்துத் தாறியளே? கெஞ்சிக் கேக்கிறன்."

பெரியப்பா திரும்பினார். "ஆர் தம்பி உவ?"

"கூடப் படிப்பிக்கிறவ," என்றான். பாழாய்ப்போன வாயில் அவ்வளவுதான் வந்தது. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. அம்மாவின் கை வேறு புத்தகத்தின் மேலேயே இருந்தது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான். பெட்டியை மூடிவிட்டார்கள்.

சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. நிவேதனா வாசல் படலையோடு நின்றுவிட்டாள். கொள்ளி வைத்தவன் சிவரூபன். புத்தகங்களுக்கும் சேர்த்துத்தான் வைத்தான்.

முழுகிவிட்டுத் திரும்பியபோதும் அவள் படலையடியிலேயே நின்றாள்.

"நான் அதிலை ஒண்டு கேட்டு எழுதினனான், அண்ணை. தயா பதில் ஏதும் எழுதினவவோ?"

"ஓம்," என்றான். "முடிவுரையிலை சொல்லுறன் எண்டு எழுதியிருந்தவ."

"முடிவுரை இருக்கோ?"

அவன் உள்ளே போய்க் கட்டுரையின் கடைசித் தாளை ஈரக் கையாலேயே எடுத்து வந்து கொடுத்தான். மேலே 'முடிவுரை' என்ற தலைப்பு மட்டும் எழுதியிருந்தது.

நிவேதனா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தாள்.