எழிலின் பல்லில் விழுந்த சந்து

பாண்டிச்செல்வியின் மகள் எழிலின் குறுகிய மேல்தாடையை விரிக்க அண்ணத்தில் கருவி ஒன்றைப் பொருத்திய விருதுநகர் டாக்டர், தினமும் ஒரு தடவை அதன் துளையில் குட்டிச் சாவியை விட்டுத் திருக வேண்டும் என்றார். தாயின் விரல்களில் இருந்த வெடிமருந்துக் கறையைப் பார்த்துவிட்டு, “உங்களால முடியுமாம்மா? இல்லேன்னா தினம் இங்க கூட்டிட்டு வாங்க,” என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. “நாள் பூரா வெடிக்குத் திரி வைக்கிற கை இது, டாக்டர்.”

எம். புதுப்பட்டியில் தினமும் காலை, பட்டாசுக் கம்பெனி வேன் வருமுன் மகளை மடியில் சாய்த்துச் சாவியைத் திருகினாள். ஒரு நாளும் தப்பவில்லை. பத்தாம் நாள் எழிலின் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விழுந்தது.

பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் பதறிப்போனாள். “ஒழுங்கா இருந்த பல்லையும் கெடுத்துப்புட்டாகளே, செல்வி!”

“கெடுக்கல மதினி. தாடை எலும்பு விரிஞ்சாத்தான் இந்தச் சந்து வரும், பெறகு தானா மூடிக்கிரும்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாக. இது நான் திருகித் திருகி விழவச்ச சந்து,” என்ற பாண்டிச்செல்வி, மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“எழிலு, அத்தைக்கு நல்லா ஈன்னு காட்டு. அது மூடுறதுக்குள்ள தெரு பூராவும் பாத்துறணும்.”