பிரிக்காத பொட்டலம்

சமையல் மேடை மேலிருந்த வானிலை ரேடியோ திடீரென்று வீறிட்டது. மார்வாவின் கையிலிருந்த கத்தி வேர்க்கடலை வெண்ணெய் ஜாடிக்குள் நழுவி விழுந்தது.

"இரவு ஒன்பது மணி வரை சூறாவளி அபாயம்" என்று ஆரம்பித்த இயந்திரக் குரல், மேற்கு ஓக்லஹோமாவின் மாவட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்பித்தது. கார்விட் ஊர் இருக்கும் மாவட்டம் ஏழாவதாக வந்தது. அதைக் கேட்டதும் மார்வா கையைத் துடைத்துக்கொண்டு ரேடியோவை நிறுத்தினாள். அவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

வாசலில் ஹாலிஸின் வண்டி இரண்டு முறை ஹாரன் அடித்தது.

"மார்வா! சாப்பாடு ரெடியா? மேகம் எனக்காகக் காத்துக்கிட்டு நிக்காது!"

"கத்தாதே! அஞ்சு நிமிஷம்!"

அடுப்பில் முறுகவிட்ட பன்றி இறைச்சித் துண்டுகளை எடுத்து வைத்தாள். கோதுமை டார்ட்டியா ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவி, இறைச்சியை வைத்து, மேலே தேனை விட்டு, இறுக்கமாகச் சுருட்டினாள். புயல் துரத்துகிறவர்களுக்குச் சாப்பாடு கட்டுவதில் பதினோரு வருஷப் பழக்கம் அவளுக்கு. ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கும். மற்றக் கையாலேயே சாப்பிட்டு முடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். உதிரக் கூடாது, வழியக் கூடாது, வெயிலில் கெடக் கூடாது. சாக்லெட் உருகிவிடும். மயோனைஸ் வயிற்றைக் கெடுத்துவிடும். சாதாரண ரொட்டி, வண்டி குலுங்குகிற குலுக்கலில் தூளாகிவிடும். உலர்த்திய மாட்டிறைச்சி, வறுத்த பாதாம், ஆப்பிள், தண்ணீர். எல்லாமே பெட்டியில் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். ஆலங்கட்டி கொட்டும்போது யாரும் குனிந்து தேட மாட்டார்கள். கை தானாகப் போய் எடுக்கும்.

சுருளை அலுமினியத் தாளில் சுற்றி, கறுப்பு மையால் ஹாலிஸின் பெயருக்கு முதல் எழுத்தைப் போட்டாள். அவரவர் பொட்டலம் அவரவருக்கு. இந்தக் குழுவில் அது எழுதாத சட்டம்.

பிறகு இரண்டாவது சுருள் ஒன்றைச் செய்து, அதன் மேலும் அதே எழுத்தையே போட்டாள்.

ஒரு வருஷமாக ஹாலிஸுக்கு இரண்டு சுருள்தான் வைக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒன்றுதான் தீரும். மற்றொன்று பிரிக்காமல், கசங்கிப்போன தாளோடு பெட்டிக்குள்ளேயே திரும்பி வரும். ஒரு முறை ஏன் என்று கேட்டதற்கு, "வயசாயிடுச்சி, வயித்துல இடமில்ல" என்றான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டால் வேறு ஏதாவது பதில் வந்துவிடுமோ என்று பயம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வண்டியில் ஹாலிஸ் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் தாண்டி, சுற்றிப் போய் மறுபக்கத்துக் கதவைத் திறந்தாள்.

ஹாலிஸ் திடுக்கிட்டுப் பார்த்தான். ஐம்பதைத் தாண்டியவன். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பது அவன் தொழில். வசந்த காலம் வந்துவிட்டால் புயல்களின் பின்னால் ஓடி, சூறாவளிச் சுழல் தரையைத் தொடும் இடத்தை வானிலை நிலையத்துக்குச் சொல்வான். பெட்டியை ஜன்னல் வழியாகக் கொடுப்பதோடு மார்வாவின் வேலை முடிந்துவிடும். பதினோரு வருஷத்தில் அவள் ஒரு நாளும் வண்டியில் ஏறியதில்லை.

"என்ன இது?"

"நானும் வரேன்."

"நீயா? தோட்டத்துல பாம்பைப் பாத்தாலே ஊரைக் கூட்டுவே!"

"பாம்பு வீட்டுக்குள்ள வருது. புயலை நாமதானே தேடிப் போறோம். ஓட்டு."

ஹாலிஸ் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "தேதி தெரியும்ல, மார்வா?"

"தெரிஞ்சுதான் வரேன்."

போன வருஷம் இதே நாளில்தான், ஹாலிஸோடு சேர்ந்து புயல் துரத்திய அவள் தம்பி டெல், கார்விட்டுக்குக் கிழக்கே சூறாவளியில் சிக்கிச் செத்துப்போனான்.

வண்டி கிளம்பியது. செம்மண் பாதைகள் மைலுக்கு ஒன்றாக, கட்டம் போட்ட தாள் மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடின. இருபக்கமும் முற்றிய கோதுமை. தென்மேற்கில் மேகக் கோபுரம் ஒன்று வேகமாக எழும்பிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் இரண்டு ரேடியோக்கள். ஒன்றில் வானிலை நிலையம் பேசிக்கொண்டிருந்தது. மற்றொன்று வெறுமனே இரைந்தது.

"அது எதுக்கு?"

"டெல்லோட அலைவரிசை." ஹாலிஸ் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு வண்டியில போவோம்ல. நான் தெற்கே, அவன் வடக்கே. அதுலதான் பேசிக்குவோம்."

"இப்ப யாரும் இல்லையே."

"இல்ல."

அவன் அதை நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் அந்த இரைச்சல் அவர்களோடு வந்தது, பின்சீட்டில் யாரோ உறங்கி மூச்சு விடுகிற மாதிரி.

மார்வாவின் சட்டைப் பையில் ஒரு சின்னச் சீட்டு இருந்தது. டெல்லின் நசுங்கிய வண்டியிலிருந்து எடுத்த சாமான்களைக் காவல்துறை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தது. பதினோரு மாதமாக அவள் அதைத் திறக்கவில்லை. போன வாரம்தான் திறந்தாள். சாவி, மூக்குக் கண்ணாடி, தொப்பி. அவற்றுக்கு அடியில் கார்விட் பெட்ரோல் நிலையத்தின் ரசீது. பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டியான பரிட்டோ ஒன்று, ஒரு காபி. மணி ஐந்து பத்து.

ஐந்து இருபத்தைந்துக்குப் புயல் வலப்பக்கமாக, கார்விட்டின் கிழக்கு ரோட்டை நோக்கித் திரும்பியிருக்கிறது. ஐந்து முப்பதுக்கு டெல் இல்லை.

அவன் ஏன் அங்கே நின்று சாப்பாடு வாங்கினான்? ஒரு வாரமாக இந்தக் கேள்வி அவளைத் தின்றுகொண்டிருந்தது. ஏனென்றால் அன்று காலை அவனுக்கும் அவளுக்கும் சண்டை. ஒழுகுகிற கூரையைச் சரிசெய்து தருகிறேன் என்று மூன்று வாரமாக ஏமாற்றிவிட்டு, மேகத்தைப் பார்த்ததும் ஏணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். "அப்ப உனக்கு இன்னைக்குச் சாப்பாடு கிடையாது, போ!" என்று கத்தினாள். சொன்னபடியே, டெல்லின் எழுத்தைப் போட்ட பொட்டலம் எதையும் பெட்டியில் வைக்கவில்லை.

ஆனால் கடைசி நிமிஷத்தில் மனசு கேட்கவில்லை. ஹாலிஸின் எழுத்தைப் போட்டு இரண்டு சுருள் வைத்தாள். தம்பி எப்படியும் அவனிடம் கேட்பான். ஹாலிஸும் சிரித்துக்கொண்டே கொடுப்பான். அக்காவின் கோபம் எவ்வளவு தூரம் என்று டெல்லுக்கும் புரிந்துவிடும். அவள் போட்ட கணக்கு அதுதான். டெல் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான் என்றே ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

ஹாலிஸின் கை பெட்டிக்குள் போய் ஒரு சுருளை எடுத்தது. பல்லால் தாளைக் கிழித்து, ஒரு கையாலேயே நாலு கடியில் முடித்தான். ஒரு துளி தேன்கூடச் சிந்தவில்லை.

பிறகு இரண்டாவது சுருளை எடுத்தான். பிரிக்கவில்லை. மடியில் வைத்தான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அதன் மேல் கவிழ்த்தான்.

"அதையும் சாப்பிடேன்."

"அப்புறம்."

"சூடு ஆறிடும்."

"ஆறட்டும், மார்வா." குரலில் ஏதோ இருந்தது. அவள் வரைபடத்தை எடுத்து மடியில் விரித்தாள்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வெளிச்சம் பாசி நிறத்துக்கு மாறியது. மாடுகள் வேலி ஓரத்தில் நெருக்கியடித்து நின்றன. மேகத்தின் அடிவயிறு தாழ்ந்து மெதுவாகச் சுழல ஆரம்பித்தது. ஹாலிஸ் வானிலை நிலையத்தைக் கூப்பிட்டு இடத்தையும் திசையையும் சொன்னான். சொல்லி முடிக்கும் முன்பே முதல் ஆலங்கட்டி கூரையில் இடித்தது. அடுத்தது கோழி முட்டை அளவு. மூன்றாவது, முன் கண்ணாடியில் நட்சத்திரம் மாதிரி விரிசல் போட்டது.

"மேல கூரை இருக்கிற இடம் எங்கே?" என்று கத்தினாள் மார்வா.

"மேற்கே ஒரு பாலம். ஒன்பது மைல்."

அவள் மடியில் விரித்திருந்த வரைபடத்தில் விரலை ஊன்றினாள். "கார்விட் ரெண்டு மைல்தான். பெட்ரோல் நிலையத்துல கூரை இருக்கு."

"அங்க வேணாம்."

"கண்ணாடி போகப்போகுது, ஹாலிஸ்!"

"அங்க வேணாம்னு சொல்றேன்ல!"

நாலாவது கட்டி அவள் பக்கத்து ஜன்னலைப் பொடியாக்கியது. ஹாலிஸ் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி ஸ்டியரிங்கைத் திருப்பினான்.

பெட்ரோல் நிலையத்தின் கூரைக்கு அடியில் வண்டி நின்றபோது ஊரின் அபாயச் சங்கு ஊளையிட்டுக்கொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தினான். சங்கு மூச்சு வாங்க ஒரு கணம் ஓய்ந்தது. அந்த இடைவெளியில் இரண்டாவது ரேடியோ பேசியது.

டிக். டிக்.

இரண்டே சொடுக்கு. மார்வா ரேடியோவை நோக்கிக் குனிந்தாள். ரேடியோவில் டெல் ஒரு நாளும் 'கேட்டது' என்று வாயால் சொன்னதில்லை. மைக்கின் பொத்தானை இரண்டு முறை அழுத்துவான்.

"மின்னல்" என்றான் ஹாலிஸ். "மின்னல் அடிச்சா அப்படித்தான் கேக்கும்."

ஆனால் அவன் கட்டைவிரல் அவனைக் கேட்காமலே பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பதில் சொல்லிவிட்டது. இருவருமே அதைப் பார்த்தார்கள்.

தொப்பியையும் அதன் அடியில் இருந்ததையும் சீட்டில் வைத்துவிட்டு ஹாலிஸ் இறங்கினான்.

கடைக்குள் ஒரே ஒருத்திதான் இருந்தாள். சட்டையில் நெட்டி என்று பெயர் குத்தியிருந்தது. குளிர்சாதன அறையின் கனத்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாங்க கண்ணு, சீக்கிரம்! பீர் பெட்டி மேல உக்காருங்க. புயல் வடக்கே போகுதாம், அதை நம்பி நான் வெளிய நிக்க மாட்டேன்."

மூவரும் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். கூரை அதிர்ந்தது. நெட்டி சும்மா இருக்கிற ரகம் இல்லை.

"பைத்தியக்காரங்கப்பா நீங்கல்லாம்! போன வருஷம் ஒருத்தன் இங்க வந்தான். ஊரே ஓடி ஒளியுது, அவன் சூடா பரிட்டோ வேணும்ங்கிறான். ஹீட்டர்ல ஒன்னும் இல்ல, புதுசாப் போட எட்டு நிமிஷம் ஆகும்னேன். நிக்கிறேன்னான். நின்னான்."

மார்வா சட்டைப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "எட்டு நிமிஷமா?"

"எட்டு நிமிஷம். நல்ல பையன், சிரிச்ச முகம். ஏன்டா இப்படிப் பட்டினி கிடந்தியான்னு கேட்டேன். 'எங்க அக்கா இன்னைக்கு எனக்குச் சாப்பாடு கட்டல. நிஜமாவே கோவம் போல'ன்னான்." நெட்டி தலையை ஆட்டினாள். "அப்புறம் இந்தக் கிழக்கு ரோட்டுலதான்..."

அவள் பார்வை மார்வாவின் முகத்தில் விழுந்தது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

ஹாலிஸ் எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். ஆலங்கட்டி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. அவன் நிற்கவில்லை.

மார்வா வந்து பார்த்தபோது அவன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். மடியில் தொப்பி. புயல் வடக்கே நகர்ந்துவிட்டது. அதன் சுவர் தூரத்தில் கறுத்துத் தெரிந்தது. மேற்கே வெளிச்சம் திறந்துகொண்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது ரேடியோ இரைந்துகொண்டிருந்தது.

"வீட்டுக்குப் போலாமா?" என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஒரு விஷயம் கேக்கணும்."

"மார்வா, அந்தப் பொம்பளை வாய் ஓயாம..."

"அவளை விடு. அன்னைக்கு நான் அவனுக்குத் தனியா எதுவும் கட்டல. அது நெஜம்." அவள் குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. "ஆனா உன் பொட்டலத்துல ரெண்டு வச்சிருந்தேன். அதுக்கு முன்னாடி என்னைக்காவது உனக்கு ரெண்டு வச்சிருக்கேனா? யோசிச்சிப் பாரு."

ஹாலிஸ் முன் கண்ணாடியின் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது அவனுக்கு. உன்கிட்ட வந்து கேப்பான்னு எனக்குத் தெரியும். நான் வளத்த பையன். பசி தாங்க மாட்டான். வெக்கமும் பட மாட்டான். உன்கிட்டதான் கேப்பான்."

ஹாலிஸின் கை தொப்பியின் மேல் இருந்தது. விரல்கள் அதை மெல்ல அழுத்தின. அடியில் அலுமினியத் தாள் நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஒரு வருஷமாக அவள் வீட்டுக்குத் திரும்பி வந்த ஒவ்வொரு பொட்டலமும் ஏன் கசங்கியிருந்தது என்று அப்போதுதான் மார்வாவுக்குப் புரிந்தது. அது வயிற்றில் இடமில்லாமல் மிஞ்சியது இல்லை.

"சொல்லு ஹாலிஸ். பிரியறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு இடத்துல நின்னிருப்பீங்கல்ல. அவன் கேக்கலியா?"

அவன் தொப்பியை எடுத்தான். அடியிலிருந்ததை இரண்டு கையாலும் எடுத்து அவள் மடியில் வைத்தான். இன்னும் அவன் உடம்புச் சூடு அதில் இருந்தது.

"கேட்டான், மார்வா. இதே மாதிரி மடியில வச்சித் தொப்பியால மூடிக்கிட்டு, 'ரெண்டையும் நானே தின்னுட்டேன், உங்க அக்கா உனக்கு ஒன்னும் குடுக்கல, கார்விட்ல போய் வாங்கித் தின்னு'ன்னு சொன்னேன்... சும்மா, விளையாட்டுக்கு."