கையடக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் வந்து கேமராவை நீட்டினார். "கையைத் துடைச்சிட்டு இதைக் கொஞ்சம் பிடியேன்," என்றார். இந்த வீட்டில் எனக்கு இருக்கும் பல பதவிகளில் இதுவும் ஒன்று. அவர் ஒரு பத்திரிகையில் கேமராக்களைப் பற்றி எழுதுகிறவர். படம் எப்படி விழுகிறது என்பதை வேறொருவர் எழுதுவார். கையில் எப்படி உட்காருகிறது, எந்த விரல் எங்கே போகிறது, எந்தப் பட்டன் எப்படி அமுங்குகிறது என்பதை மட்டும் இவர் எழுதுவார். அதில் 'சிறிய கைகளுக்கு' என்று ஒரு பத்தி தவறாமல் வரும். அந்தச் சிறிய கைகள் என்னுடையவைதான்.

வேலையை வாசலோடு விட்டுவிட்டு வருகிற மனிதர் இல்லை அவர். கரண்டி, குக்கர் மூடி, குளியலறைக் குழாய் என்று வீட்டில் அவரிடம் மதிப்பெண் வாங்காத பொருளே கிடையாது. கல்யாணமான புதிதில் நான் ஆசையாக வாங்கிவந்த குடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மழைக்கு நல்லா இருக்கும், மனுஷனுக்குத்தான் சரிப்படாது," என்றார். அன்றைக்கு நடந்தது எங்கள் முதல் சண்டை. குடை இன்னும் இருக்கிறது, நான் மட்டும் பிடித்துக்கொண்டு போகிறேன்.

கேமரா சோப்பு டப்பா அளவில்தான் இருந்தது. முன்பக்கம் விரல்கள் பற்றிக்கொள்ள ஒரு சின்ன மேடு. பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம். நான் தேடாமலே கட்டைவிரல் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆள்காட்டி விரலுக்கு அடியில் படம் எடுக்கும் பட்டன் தயாராக இருந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தானே இருக்கு."

"கட்டைவிரல் வழுக்கல?"

"இல்லையே."

"நல்லாப் பாரு. வீடியோ பட்டன்ல போய் விழல?"

விழவில்லை. ஆனால் அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குக் குழம்பிவிட்டது. "லேசா வழுக்குதோ என்னவோ," என்று இழுத்தேன். அவர் முகம் தெளிந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது.

இந்த இழுவையை நான் நன்றாக அறிவேன். நான் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். 'இதுல தெளிவா இருக்கா, அதுலயா?' என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் பிழைப்பு. பாதிப் பேர் எழுத்தைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைப் பார்த்து விடை சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். கண்ணாடியை மாற்றுவதாகப் பாவனை செய்து பழையதையே திரும்பப் போடுவேன். "ஆங், இப்ப பளிச்சுனு தெரியுது," என்பார்கள். இன்றைக்கு நானே அந்த ஆளாகிவிட்டேன்.

விஷயம் இதுதான். 'கையடக்கக் கேமரா என்கிறார்கள், கைக்குள் அடங்கினால்தானே' என்று தொடங்கி அவர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வரியை என்னிடம் தொலைபேசியிலேயே படித்துக் காட்டினார், அவ்வளவு பெருமை. ஆனால் அதே கேமராவை எடுத்துப் பார்த்த அலுவலகத்துப் பெண், இந்த வருஷம் வந்ததிலேயே பிடிக்க வசதியானது இதுதான் என்று சொல்லியிருக்கிறாள். "உங்க ரெண்டு பேர்ல யார் கையை நம்பறது?" என்று ஆசிரியர் கேட்டாராம். திங்கட்கிழமை முடிவாகச் சொல்லச் சொன்னாராம். நேற்று ராத்திரி சாப்பிடும்போது இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் தட்டில் போட்டது அப்படியே இருந்தது.

"எனக்கு இது பிடிபடவே மாட்டேங்குது," என்றார் இப்போது. புரியவில்லை என்கிறாரா, கையில் நிற்கவில்லை என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளாகவே வீட்டில் எதுவும் அவரிடம் தேறுவதில்லை. வாசல் பூட்டு சரியில்லை, சாவி திரும்பமாட்டேன் என்கிறது என்றார். பூட்டை மாற்றினோம். புதுப் பூட்டும் சரியில்லை என்றார். டம்ளர் நழுவி உடைந்தபோது டம்ளரின் வடிவத்தைத் திட்டினார். பட்டன் வைத்த சட்டைகளை மூட்டை கட்டிவிட்டு, தலைவழியாகப் போடுகிற பனியன் சட்டைகளுக்கு மாறினார், சௌகரியமாம். அன்றைக்கு அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கிவந்தார். சுடவில்லையா என்று பதறினேன். "உன்கூடக் குடும்பம் நடத்தினதுல கை மரத்துப்போச்சு," என்றார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாக் காரணமும் நியாயமாகவும் இருந்தது. பூட்டு மட்டமான பூட்டுதான். கேமராவும் கையுமாக நின்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன், பயந்துபோய் உடனே கலைத்துவிட்டேன். கையை எடுத்துவிட்டால் அவருக்கு அந்த வேலையில் என்ன இருக்கிறது?

கேமரா எதுவானாலும் முதலில் படம் எடுக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பட்டனையும் தடவித் தடவிக் கண்டுபிடிப்பார். கண் பார்த்துத்தான் விரல் போக வேண்டும் என்றால் அந்தக் கேமரா தேறாது என்பது அவருடைய சட்டம்.

"இன்னொரு தரம் கண்ணை மூடிட்டுப் பாருங்களேன்," என்றேன்.

"எத்தனை தரம் பாக்கறது?"

"எனக்காக."

ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, வலது கையை நீட்டினார். எதிர் அலமாரியில் அவருடைய பழைய கேமரா இருந்தது. எங்கள் பெண் பிறந்ததிலிருந்து பள்ளி முடித்ததுவரை எல்லாப் படமும் அதில் எடுத்ததுதான். புதியதற்கும் அதற்கும் அளவும் எடையும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பட்டன்களின் இடம் வேறு, பின்பக்கம் பள்ளம் கிடையாது. கட்டைவிரல் படும் இடத்தில் கறுப்புப் பூச்சு தேய்ந்து, உள்ளே இருக்கும் உலோகம் காசளவுக்கு வெளுத்திருக்கும். தூக்கத்தில் கொடுத்தாலும் எனக்கு இதில் படம் எடுக்க வரும் என்பார்.

யோசித்துச் செய்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கடைப் பழக்கமாகத்தான் இருக்க வேண்டும். புதியதை இடது கையில் வைத்துக்கொண்டு பழையதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். 'என்ன விளையாட்டு, இது நம்ம பழசு' என்று அவர் திட்டப்போவதற்காகக் காத்திருந்தேன். அந்தத் திட்டை அவ்வளவு ஆசையாக நான் எதிர்பார்த்ததே இல்லை.

விரல்கள் மெதுவாக மூடின. கட்டைவிரல் கிளம்பி ஓரம் வரை போய்த் திரும்பியது.

"பாத்தியா, அதேதான்," என்றார். "எது எங்கே இருக்குன்னே தெரியல. இதைச் செஞ்சவன் ஒரு நாளாவது கேமராவைக் கையில பிடிச்சிருப்பானா?"

கடையில் என்றால் இந்த இடத்தில் அடுத்த கண்ணாடியைப் போட்டிருப்பேன். இங்கே போடுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. இடது கையில் புதுக் கேமரா, என் கட்டைவிரல் அதன் பள்ளத்தில் சமத்தாக உட்கார்ந்திருந்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார். பிறகு கண்ணைத் திறக்காமலே, தாழ்ந்த குரலில் கேட்டார். "நீ சொல்லு. கேமராவா, கையா?"

இந்தக் கேள்வி அவரிடமும் இருந்திருக்கிறது.

"கண்ணைத் திறக்கட்டுமா?"

"இன்னும் கொஞ்சம் பாருங்க," என்றேன்.

சரி என்று தலையாட்டினார். தானே தேய்த்து வெளுத்த அந்த இடத்தின் மேலேயே கட்டைவிரல் ஏறியது, அதைக் கடந்து கீழே இறங்கியது, மறுபடி மேலே போய்த் தேடியது.