கறுப்பு டேப் துண்டு

சுவா நகரச் சந்தைக்கு எதிரே நானும் என் மச்சான் செகோவேயும் பழுதுக்கடை வைத்திருக்கிறோம். அன்று ஒரு படகு வயர்லெஸின் பேட்டரியைச் சார்ஜில் போட்டிருந்தேன். அதன் பளபளக்கும் தகட்டை வெப்பக் கேமராவில் பார்த்தேன். முப்பத்துநாலு டிகிரி. நிம்மதி.

பக்கத்தில் பூதக்கண்ணாடியில் வேறொரு சர்க்யூட் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்த செகோவேயின் முழங்கை அந்தத் தகட்டில் பட்டது. துள்ளி எழுந்தான்.

“டேய், கொதிக்குதுடா!”

“போடா புளுகா. நேத்து என் நாற்காலியில பூரான்னு கத்துனவன்தானே நீ?”

எங்கள் ஊரில் மச்சானை ஏய்க்காதவன் மச்சானே இல்லை. ஆனால் செகோவே சிரிக்கவில்லை. முழங்கை சிவந்திருந்தது.

தகட்டில் கறுப்பு டேப் துண்டு ஒன்றை ஒட்டி, மறுபடி கேமராவைப் பிடித்தேன். திரையில் டேப் மட்டும் வெள்ளையாக ஒளிர்ந்தது. தொண்ணூற்றிரண்டு!

“ஓடுடா!” என்று செகோவே அலறினான். வயரைப் பிடுங்கி, பேட்டரியை இடுக்கியில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கிருந்த மணல் வாளியில் போட்டதும் அது சீறித் தீப்பிடித்தது.

பளபளக்கும் தகடு கேமராவுக்கு வெறும் முகம்பார்க்கும் கண்ணாடி; பளபளக்காத டேப்தான் அதன் உண்மைச் சூட்டைக் காட்டியது. அவ்வளவு நேரமும் நான் பார்த்து நிம்மதியடைந்தது, என் முகத்தின் சூட்டைத்தான்.