காசிம் காஸ்கெட் வாங்கிய வாரம்

காஸ்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தர்மபுரியில் பாப்பாரப்பட்டி பஸ் ஏறியபோது காசிம் இன்னும் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. வாங்கி வைப்போம், வேண்டாமென்றால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் அது இன்ஜினின் தலைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே வைக்கிற, முழத்துக்கு மேல் நீளமான தகடு. நடுவில் நான்கு பெரிய ஓட்டைகள், சுற்றிலும் பொடி ஓட்டைகள். மடிக்கவும் கூடாது, பைக்குள் நுழைக்கவும் முடியாது. கல்யாண போட்டோவைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது.

"என்னா தம்பி, புது மாதிரி பல்லாங்குழியா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க. காருக்கு."

"கனி பாய் காருக்கா? யாரு பிரிக்கிறது, நீயா?"

காசிம் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து தீர்த்தம்மாள் பதில் சொல்லிவிட்டாள். அவன் வீட்டுக்கு நேர் எதிரே பூக்கடை வைத்திருப்பவள். "ஆமா, அது நைட் கிளாஸ் போவுது இல்ல. அதுவே பிரிச்சுரும்."

பஸ் பாப்பாரப்பட்டியில் நின்றபோது, காசிம் இன்ஜினைப் பிரிக்கப்போகிறான் என்று முப்பது பேருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவன் காசிம் ஒருவன்தான்.

எண்பத்தாறாம் வருஷக் கார்த்திகை மாதம். காசிமின் அத்தா அப்துல் கனி ஏரியூர், பென்னாகரம் என்று சந்தை சந்தையாகத் துணி மூட்டையோடு போய்வரும் பழைய அம்பாசிடர் கார், போன வாரம் நடுவழியில் கொதித்து நின்றுபோனது. மாடு கட்டித்தான் வீடு சேர்ந்தது. ஊரில் இருந்த ஒரே மெக்கானிக் பச்சியப்பன் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போயிருந்தார்; திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வாடகைக் கார் இரண்டும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குப் பேசியாகிவிட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வஹிதா குழந்தைக்கு நாற்பதாம் நாள். பிரசவத்துக்கு அம்மா வீடு வந்திருந்த அக்கா, அன்றைக்குக் குளித்து, பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பைநல்லூரில் இருக்கும் புருஷன் வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே நாற்பது பேருக்குச் சாப்பாடு ஏற்பாடு. கார் இல்லையென்றால் பச்சைக்குழந்தையோடு கூட்டத்தில் இரண்டு பஸ் மாறவேண்டும்.

காசிமுக்கு வயது இருபத்தொன்று. தர்மபுரியில் வாரம் மூன்று மாலை நடக்கும் மோட்டார் வகுப்பில் சேர்ந்து இரண்டரை மாதம் ஆகிறது. வகுப்பில் பிரித்ததெல்லாம் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த செத்த இன்ஜின். அதைத் தப்பாக மாட்டினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. இது உயிரோடு இருப்பது. நோய் என்ன என்பதை மட்டும் கண்டுபிடித்துவிட்டான். வண்டியை ஓடவிட்டு, பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். ஒன்றையும் நான்கையும் பிடுங்கினால் சத்தம் இளைத்தது. இரண்டையும் மூன்றையும் பிடுங்கினால் எந்த மாற்றமும் இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் சோடாவைப் போல் பொங்கியது. அப்படியென்றால் இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாம் சிலிண்டருக்கும் நடுவில் காஸ்கெட் எரிந்திருக்கிறது. இதை டைரியில் எழுதி, கீழே 'அநேகமாக' என்று சேர்த்து, 'அநேகமாக'வுக்கு அடியில் கோடும் போட்டான்.

அடுத்த பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் 'செய்யலாம்', அந்தப் பக்கம் 'வேண்டாம்' என்று தலைப்பு எழுதினான்.

வெள்ளிக்கிழமை காலை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வஹிதா அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது என் டைரி."

"நடுக்கூடத்துல திறந்து கெடந்தா தினசரிதான்டா. வேண்டாம் பக்கம் பதினொண்ணு. செய்யலாம் பக்கம் மூணு. அந்த மூணுல ஒண்ணு, 'ஆசையாக இருக்கிறது'." அவள் சிரித்ததில் குழந்தை மடியில் குலுங்கியது. "பதினொண்ணும் 'ஒருவேளை'ன்னே ஆரம்பிக்குது பாரு. ஒருவேளை நட்டு உடைந்தால். ஒருவேளை திரும்ப மாட்டத் தெரியாவிட்டால். ஒருவேளை பச்சியப்பன் அண்ணன் சிரித்தால். அவரு சிரிச்சா காருக்கு என்னாடா?"

அப்துல் கனி முகம் துடைத்தபடி உள்ளே வந்தார். "என்னா முடிவு?"

"யோசிக்கிறேங்க அத்தா."

"பிரிக்கலைன்னாலும் வண்டி ஓடாது. பிரிச்சுக் கெட்டாலும் ஓடாது. இதுல யோசிக்க என்னா இருக்குது?"

"பிரிச்சுக் கெட்டா, பச்சியப்பன் அண்ணன் வந்தும் ஓடாதுங்க."

அப்துல் கனி துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப கெடுக்காம பிரி."

அவ்வளவுதான் அவருக்கு. சைக்கிளை எடுத்துக்கொண்டு, சந்தை இல்லாத நாளில் உட்காரும் கடைவீதித் துணிக்கடைக்குப் போய்விட்டார். காசிம் 'ஆசையாக இருக்கிறது' என்ற வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். மற்ற வரிகள் எல்லாம் மங்கலாகத் தெரிய, அது மட்டும் பளிச்சென்று இருந்தது. அன்று மாலை வகுப்பு முடிந்ததும் கையெழுத்துப் போட்டு, நட்டு இறுக்கும் அளவு காட்டும் ஸ்பேனரை இரவல் வாங்கி வந்தான்.

சனிக்கிழமை விடிந்ததும் வீட்டுப் பக்கத்துக் காலி இடத்தில், காருக்கு முன்னால் ஒரு பழைய வேட்டியை விரித்தான். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசையிலேயே வைத்தான். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காகிதச் சீட்டு. சீட்டில் எண், பெயர், எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் மேலே இருந்தது. வால்வுகளைத் தள்ளும் எட்டுக் கம்பிகளும் எட்டுச் சீட்டின் மேல் படுத்திருந்தன. பகல் பன்னிரண்டுக்கு இன்ஜினின் தலை பெயர்ந்து கையோடு வந்தது. பழைய காஸ்கெட்டில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கன்னங்கரேலென்று ஒரு தீய்ந்த வழி. காசிம் எழுந்து நின்று அதைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். சொன்னது சரி. 'அநேகமாக'வை அடித்துவிடலாம்.

சாப்பிட்டுவிட்டு, தலையைச் சுரண்டிச் சுத்தம் செய்ய அதைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போனான். அப்போதுதான் தூறல் விழுந்தது.

அப்துல் கனி கடையிலிருந்து அந்த நேரத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தார். முப்பது வருஷமாகச் சந்தையில் தரையில் துணி விரித்து விற்கிறவர். ஏரியூர்ச் சந்தையில் மழை வந்தால் முதல் மூட்டை அவருடையதாகத்தான் இருக்கும். பக்கத்துக் கடைக்காரர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பதற்குள் நான்கு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவார். முதல் சொட்டு அவர் கழுத்தில் விழுந்தது. சைக்கிளைச் சாத்தினார், குனிந்தார், வேட்டியின் நான்கு முனையையும் பிடித்தார், ஒரு சுழற்று சுழற்றி முடிச்சுப் போட்டு, தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

உள்ளே வந்து மூட்டையை இறக்கியபோது அது கலகலவென்று சத்தம் போட்டது. துணி அப்படிச் சத்தம் போடாது.

காசிம் ஈரக்கையோடு வாசலில் நின்றான். அப்துல் கனி மூட்டையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"கை தானா செஞ்சிருச்சுடா," என்றார்.

முடிச்சை அவிழ்த்தால், நட்டும் வாஷரும் கம்பியும் ஒரே குவியல். நாற்பது சீட்டுகள் பூத்தூவியதுபோல் அதன்மேல் கிடந்தன. காசிம் குவியலின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். அம்மா ஜுபைதா, "பஸ்ஸுலயே போயிக்கலாம்ப்பா, விடு," என்றாள். அதில் இருந்த அன்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

வஹிதா குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு நட்டை எடுத்தாள்.

"இது என்னாது?"

"அதுக்குச் சீட்டு..."

"சீட்டைக் கேக்கலடா. இது என்னாது?"

"தலையை இறுக்குற நட்டு. பதினொண்ணு இருக்கும்."

"இது?"

"தண்ணிக் குழாய் கிளாம்பு. ரேடியேட்டர் பக்கம்."

"இந்த வளைஞ்சது?"

"கார்புரேட்டர் கம்பி. அதைத் திருப்பிப் பிடிச்சிருக்குற."

அவள் எடுக்க எடுக்க அவன் சொல்லிக்கொண்டே போனான். முதலில் யோசித்து, பிறகு யோசிக்காமல், கடைசியில் அவள் எடுக்கும் முன்பே. எட்டுக் கம்பிகள் மட்டும் மிஞ்சின. எட்டும் ஒரே மாதிரி, எது எங்கே இருந்தது என்று சொல்ல முடியாது. காசிம் ஒரு கம்பியை விரலில் உருட்டினான்.

"இது மாறிடுச்சுன்னா?" என்று கேட்டார் அப்துல் கனி, இருந்த இடத்தைவிட்டு அசையாமல்.

"மாறுனா மாறட்டும்ங்க. எட்டு வால்வுக்கும் இடைவெளியைப் புதுசா அளந்து வச்சுருவேன்."

சொன்ன பிறகுதான், அந்தச் சொல்லில் ஒரு 'ஒருவேளை' இல்லை என்பது அவனுக்கே உறைத்தது.

மழை விட்டதும் ஆரம்பித்தான். புதுக் காஸ்கெட்டை வைத்து, தலையை இறக்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், ஸ்பேனரின் முள் ஒரே எண்ணில் நிற்கும்வரை பதினொரு நட்டையும் இறுக்கினான். அப்துல் கனி கூப்பிடுதூரத்தில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "நான் எதையும் தொடலை," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். பொழுது சாயும் நேரத்தில் ஸ்டார்ட்டரை இழுத்தான். இன்ஜின் இரண்டு தடவை இருமியது, ஒரு தடவை தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டது. ரேடியேட்டர் தண்ணீர் குளம்போல் அமைதியாக இருந்தது. எதிரே தீர்த்தம்மாள் பூக்கட்டும் கையை நிறுத்தி, "நான்தான் பஸ்ஸுலயே சொன்னேனே," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியைத் தாண்டியதும் குழந்தை பாலுக்கு அழுதது. காசிம் ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டினான். ஆனால் இன்ஜினை நிறுத்தவில்லை.

"ஆஃப் பண்ணுடா. ஆத்தாடி, என்னா ஆட்டம் ஆடுது," என்றாள் வஹிதா.

"இருக்கட்டும்க்கா."

"ஏன்?"

அவன் கண்ணாடியைத் துடைத்தான். அப்துல் கனி வெளியே வயலைப் பார்த்தார்.

"திரும்ப ஸ்டார்ட் ஆகலைன்னா?" என்றான் மெதுவாக.

வஹிதா குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்தாள். தூங்கிவிட்ட குழந்தையை அம்மாவின் கையில் கிடத்தினாள். பிறகு முன்சீட்டின் மேல் சாய்ந்து, கையை நீட்டி, சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள்.

திடீரென்று எங்கும் அமைதி. வயலில் யாரோ மாட்டை ஓட்டும் குரல் கேட்டது.

"இப்பப் போடு," என்றாள் வஹிதா.

காசிம் சாவியைத் திருப்பினான், ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தான். இன்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை.

"சரி, போ," என்றார் அப்துல் கனி. "சோறு ஆறிடும்."