மேவிஸின் கொடித்துணி

வில்ஃப் ஸ்டாதர்ஸ் கடலில் மூழ்கிச் செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆள் என்னவோ இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரத்தில், தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். கொன்றது மகன். கத்தியால் கொன்றிருந்தாலும் ஒரு மரியாதை. பயல் வாயாலேயே கொன்றுவிட்டான்.

மகன் நைஜல் பெரிய கலைஞன். எவ்வளவு பெரியவன் என்றால், இரண்டு ரப்பர் பூட்ஸில் உப்புத் தண்ணீரை ஊற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தான். லண்டன் சீமான்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து கண் கலங்கினார்கள். அதற்கு ஒரு பரிசு. அப்புறம் ஒரு கிழிந்த வலை, அதற்கு இன்னொரு பரிசு, அதற்கும் மேல் அரண்மனையில் கூப்பிட்டு ஒரு பதக்கம். வலையைக் கிழித்ததுகூட அவனில்லை, சம்பளத்துக்கு வைத்திருந்த பிள்ளைகள். ஊரைவிட்டுப் போனபோது அவனுக்கு இல்லாத துறைமுகப் பேச்சு, லண்டனில் வருஷா வருஷம் நாக்கில் தடித்துக்கொண்டே வந்தது. எல்லாவற்றுக்கும் மூலதனம் ஒரே வரி. ‘எங்கப்பா மீன்பிடிக் கப்பலில் போனவர், திரும்பி வரவில்லை.’

வில்ஃப் விற்றது கார்ப்பெட். கடல் என்று அவர் கண்டதெல்லாம் கோடை விடுமுறையில் பிரிட்லிங்டன் கடற்கரைதான். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்குவார், தண்ணீர் சில்லென்றிருக்கிறது என்று உடனே ஏறிவிடுவார்.

அந்த வரியை அவன் முதன்முதலில் சொன்ன பேட்டி ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்தபோது முதலில் படித்தது அவர் மனைவி மேவிஸ். சிரிப்பு தாளவில்லை அவளுக்கு.

“வில்ஃப், நீ செத்துட்டியாம்ல! டீ போடவா, வேணாமா?”

வில்ஃப் போனை எடுத்தார், நாலு வார்த்தை கேட்க. மேவிஸ் பிடுங்கி வைத்துவிட்டாள். “விட்டுத் தொலை. எப்படியோ புள்ள பொழைச்சுப் போறான். உனக்கென்ன, செத்த பெறகும் மூணு வேளை திங்கிறதான?” அவளுக்காகத்தான் அவர் வாயை மூடினார். தன்னைக் கொன்றதை ஒருவழியாக மன்னித்தும்விட்டார். மேவிஸைப் பற்றி எவனாவது ஒரு சொல் சொல்லட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வீம்பு மட்டும் உள்ளே இருந்தது.

மேவிஸ் போய் மூன்று வருஷம். சாவுக்கு வந்த மகன், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே ஹாம் சான்ட்விச் தின்றான். கிளம்பும்போது அவளுடைய ஏப்ரன், நைட்கவுன், படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டான். “ஞாபகத்துக்குப்பா” என்றான். வில்ஃபுக்குப் பெற்ற மனம், உருகிவிட்டது. அட மடையா!

இந்த வசந்தத்தில், கடலில் போன ஆட்களுக்காகத் துறைமுகத்தில் ஒரு நினைவு மண்டபம் திறந்தார்கள். நடுக்கூடத்தில் வைக்க நைஜலிடம் ஒரு படைப்பு கேட்டார்கள். வேறு யாரைக் கேட்பார்கள், தகப்பனைக் கடலுக்குக் கொடுத்த தியாகியாயிற்றே! அவன் போன் செய்தான்.

“வர்றதுன்னா வாப்பா. ஆனா யாராவது கேட்டா, எனக்குச் சித்தப்பான்னு சொல்லிக்க.”

“எனக்கு அண்ணனே கெடையாதேடா. யாரு எங்க அண்ணன்?”

“நீதாம்பா. செத்துப் போனவரு.”

அந்தப் படைப்பில் மேவிஸின் துணி வருகிறது என்று கேள்விப்பட்டதால், வில்ஃப் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

மண்டபத்துச் சுவர் முழுக்கக் கடலில் போனவர்களின் பெயர்கள். முன்வரிசையில் மீனவர் குடியிருப்பான ஹெஸ்ஸல் ரோட்டு விதவைகள், ஆளுக்கொரு நல்ல கோட்டில். பின்னால் ஒயின் கிளாஸோடு லண்டன் கூட்டம். நடுவே குறுக்காக ஒரு கொடிக்கயிறு, அதில் மரக்கிளிப் போட்டு மேவிஸின் துணிகள். நீல ஏப்ரனில் இஸ்திரிப்பெட்டி சுட்ட வடு அப்படியே இருந்தது.

நைஜல் மைக்கைப் பிடித்தான். “அன்னைக்குக் காலைல எங்கப்பா கப்பலேறுனாரு. எங்கம்மா மேவிஸ் இந்தத் துணிங்களைத் துவைச்சுக் கொடியில போட்டுக்கிட்டே, அவருக்குக் கையசைச்சாங்க.”

பின்வரிசை மூக்கை உறிஞ்சியது. முன்வரிசை கல்லாய் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஆலிவ் என்கிற கிழவி எழுந்தாள். புருஷனையும் தம்பியையும் ஒரே கப்பலில் பறிகொடுத்தவள்.

“தம்பி, இன்னொரு தரம் சொல்லு. கப்பல் கெளம்புன அன்னைக்கேவா துவைச்சா?”

“அன்னைக்கேதாம்மா.” உருகிவிட்டாள் என்று நினைத்து, பயல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

“கையும் அசைச்சா?”

“அசைச்சாங்கம்மா.”

கப்பல் புறப்படும் நாளில் ஹெஸ்ஸல் ரோட்டில் ஒரு கைக்குட்டைகூடத் தண்ணீரைப் பார்க்காது. துவைத்தால் அலை வந்து ஆளை அடித்துக்கொண்டு போகும். கையசைத்தாலும் அதே கதிதான். பால் குடிக்கிற பிள்ளையின் அழுக்குத்துணிகூட மறுநாள்வரை கிடந்து நாறும். ஊரின் அந்தப் பக்கம் கார்ப்பெட் கடையில் வளர்ந்தவனுக்கு இது தெரியாது. செத்தவர்களை வைத்து இத்தனை வருஷம் பிழைத்தானே, ஒரு விதவையிடம் உட்கார்ந்து ஒரு பேச்சு கேட்டிருப்பானா?

“அப்போ உங்கப்பனைக் கொன்னது கடல் இல்ல” என்றாள் ஆலிவ். “அந்தச் சிறுக்கிதான்.”

“புருஷனை வேணும்னே அனுப்பியிருக்கா” என்றாள் பக்கத்திலிருந்தவள். “மேவிஸாம்! பேரைப் பாரு.”

வில்ஃப் மகனைப் பார்த்தார். இப்போதாவது வாயைத் திறப்பான், பொய் என்று சொல்லிவிடுவான். நைஜல் ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு கண்ணை மூடித் திறந்து, குரலைத் தணித்து, “ஆமாம்மா. அந்தக் குத்தம் எங்கம்மாவைச் சாகுறவரைக்கும் அரிச்சுது. அதுக்குத்தான் இந்தப் படைப்பே” என்றான்.

பெற்றவளையே விற்றுவிட்டான், நாய்!

வில்ஃப் எழுந்து போய் ஏப்ரனைக் கொடியிலிருந்து உருவினார். காவலாள் ஓடி வந்தான். “ஐயா, கலைப்பொருளைத் தொடக்கூடாது.”

“கலைப்பொருளா? என் பொண்டாட்டி ஏப்ரன்யா இது!”

“சித்தப்பா, உட்காருங்க” என்று பல்லைக் கடித்தான் நைஜல்.

வில்ஃப் ஆலிவின் பக்கம் திரும்பினார். “அம்மா, மேவிஸ் யாரையும் கொல்லல. முழுகிப்போனவன் நான்தான். கார்ப்பெட் வித்தேன். அவ திங்கக்கிழமைதோறும் துவைச்சா, நானும் திங்கக்கிழமைதோறும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டேன்.”

ஆலிவ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பெயர்கள் நிறைந்த சுவரைக் காட்டி, “கலைஞரே, எங்க ஆளுங்க எல்லாம் அங்க இருக்காங்க. உங்கப்பன் எங்க?” என்றாள்.

நைஜல் மைக்கை அணைக்கவும் மறந்துபோனான். “அப்பா, கெஞ்சிக் கேக்குறேம்பா” என்றது மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் ஒயின் குடிப்பதை நிறுத்தினார்கள்.

“யாருக்கு யாருடா அப்பா?” என்றார் வில்ஃப். “உங்கப்பன் செத்துட்டான். ஊருக்கே சொல்லி அழுதியே.”

அவர் விரிப்பை இழுத்தார். ஒற்றை ஆளால் மடிக்க வரவில்லை. ஆலிவ் வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் கிட்டே வந்து, விலகி, மறுபடி கிட்டே வந்து ஒழுங்காக மடித்தார்கள். அவள் அதை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தாள்.

“வாடை அடிக்குது. கொண்டுபோய் நல்லாத் துவைச்சுப் போடு” என்றாள். “இன்னைக்கு யாரும் கடலுக்குப் போகல.”