இளம்பரிதி கேட்ட சத்தியம்

ஆம்பூர் ஸ்டேஷனில் காட்பாடி ரயில் வந்து நின்றதும் முதலில் ஏறி, இரண்டு பேருக்கு இடம் பிடிப்பது வக்கார் அகமதுவின் வழக்கம். வேலூர்க் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவனும் இளம்பரிதியும் பள்ளிக்கூட நாளிலிருந்தே தோஸ்த். ரயில் கிளம்பியதிலிருந்து வக்கார் பேசுவான், இளம்பரிதி சிரிப்பான்.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நாளாக நின்றுபோயிருந்தது. இளம்பரிதி கூட்டத்தில் இருந்தும் இல்லாதவன் போல ஆனான். பிறகு ரயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். போனையும் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கார் பிரியாணிப் பொட்டலத்தோடு அவன் வீட்டுக்கே போனான். அப்பா வேலாயுதம் ஷூ கம்பெனியில் ஓவர்டைமுக்குப் போயிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். இளம்பரிதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். குளித்துப் பல நாள் ஆன கோலம். ஆம்பூர்க்காரன் ஒருவன் பிரியாணி வாசனைக்கே திரும்பிப் பார்க்கவில்லை என்றால் விஷயம் பெரிதுதான் என்று வக்காருக்குப் புரிந்துவிட்டது. கேலியை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். எப்படிக் கேட்பதென்று தடுமாறி, கடைசியில் நேராகவே கேட்டான்.

“செத்துடலாம்னு தோணுதாடா?”

சுவரைப் பார்த்தபடியே இளம்பரிதி ஆமென்று தலையாட்டினான். “யாராண்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு.”

“அது மட்டும் முடியாதுடா. நீ எனக்கு வேணும்.”

வேலாயுதம் வரும்வரை வக்கார் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

மகன் சோம்பேறியாகிவிட்டான் என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்தவர், வக்கார் சொன்னதைக் கேட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மனநல டாக்டர் என்றதும், ஊர் பைத்தியம் என்று பேசுமே என முனகினார்.

“காமாலை வந்தா டாக்டராண்ட இட்டுனு போவீங்க இல்லப்பா? இதுவும் நோவுதான்” என்றான் வக்கார்.

மறுநாள் மூவரும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இது மனச்சோர்வு, தேறிவிடும், கொஞ்ச காலம் தனியாக விடவேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் மருந்து சாப்பிட்ட உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. காட்டிக்கொடுத்துவிட்டான் என்ற கோபத்தில் இளம்பரிதி வக்காருக்கு முகம் கொடுத்தே பேசவில்லை. வக்கார் அதற்கெல்லாம் அசரவில்லை. சாயங்காலமானால் வந்து, கேட்டாலும் கேட்காவிட்டாலும் கல்லூரிக் கதைகளை அளந்துவிட்டுப் போனான். ஒருநாள், வகுப்பில் தூங்கிய பையனை எழுப்பப் போன வாத்தியார் கால் இடறி அவன் மடியிலேயே உட்கார்ந்த கதையைச் சொன்னான். சுவர்ப்பக்கமிருந்து சிரிப்பு கேட்டது. சமையலறையிலிருந்த அம்மா கரண்டியோடு ஓடிவந்து பார்த்தாள்.

அடுத்த பருவத்தில் இளம்பரிதி கல்லூரிக்குத் திரும்பினான். கேன்டீனில், நடந்ததை இளம்பரிதியே சொல்லக் கேட்டிருந்த வகுப்புத் தோழன் செந்தில்குமார், வக்காரிடம் ரகசியம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று கிண்டலடித்தான்.

இளம்பரிதி டம்ளரைக் கீழே வைத்தான். “ஆமா, சொல்லிட்டான். அதனாலதான் இன்னிக்கு உன்கூட டீ குடிக்கிறேன். உயிர் விஷயத்துல ரகசியத்த காப்பாத்தக் கூடாதுடா, ஆளத்தான் காப்பாத்தணும். மனசுக்கு முடியலன்னா வெளிய சொல்றதுல வெக்கமே இல்ல.”

செந்தில்குமார் கிண்டலை விட்டான். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, “எனக்கும் வீட்ல கொஞ்சம் பேஜார்தான்டா” என்று ஆரம்பித்தான்.